இங்கிலாந்துக் கிராமத்தில் குடும்ப வரலாறு தேடுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தின் வேர்களைத் தேடுவோருக்கு ஊரின் பெயர் மட்டும் போதாது. அந்த ஊர் எந்தப் பாரிஷை (ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் உள்ள வட்டாரம்) சேர்ந்தது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் அடக்கத்தையும் பதிந்தது மட்டுமல்லாமல், ஏழைகளுக்குப் படியளந்ததும் சாலைகளைச் செப்பனிட்டதும் பல தலைமுறைகளாகப் பாரிஷின் பொறுப்பாகவே இருந்ததால், பழைய ஆவணங்களும் பாரிஷ் வாரியாகவே சேர்ந்திருக்கின்றன.

1. தெரிந்ததிலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள்

அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. பொதுப் பதிவு அலுவலகத்தின் (General Register Office) இணைய அட்டவணையில் கட்டணமின்றித் தேடலாம். பிறப்புப் பதிவுகளுக்குத் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் அங்கே தரப்பட்டிருப்பதால், ஒரே பெயருடைய பல குழந்தைகளில் நம்மவர் யார் என்று பிரித்தறிய முடியும்.

2. கணக்கெடுப்பில் ஊரைக் கண்டுபிடியுங்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பொறுத்தவரை 1851ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவதே நல்லது. 1841இல் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி பணித்திருந்தார்கள். 29 வயதுக்காரர் 25 என்றே பதிவாகியிருப்பார். 1851இலோ குடும்பத் தலைவருக்கு இன்ன உறவு என்பதும், பிறந்த பாரிஷின் பெயரும் இடம்பெற்றன. நம் தேடலுக்கு உரிய பாரிஷ் எது என்பதைப் பெரும்பாலும் இந்தக் கடைசி விவரமே காட்டிக்கொடுக்கும்.

3. பாரிஷ் பதிவேடுகளைப் படியுங்கள்

1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த ஆணைப்படி பதிவேடுகள் தொடங்கின. அவை எல்லா ஊர்களிலும் முழுமையாகத் தப்பிப் பிழைக்கவில்லை. ஆனால் 1598 முதல் ஆண்டுதோறும் பதிவேட்டின் படி (நகல்) ஒன்று ஆயருக்கு (பிஷப்) அனுப்பப்பட வேண்டும் என்ற விதி இருந்ததால், மூலம் அழிந்த இடத்தில் அந்தப் படியைத் தேடிப் பார்க்கலாம்.

தேதிகளில் மிகுந்த கவனம் தேவை. 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25 அன்றே பிறந்தது. ஆகவே 1741 ஜூனில் மணமுடித்த ஒரு தம்பதியின் குழந்தைக்கு 1741 பிப்ரவரியில் ஞானஸ்நானம் நடந்ததாக ஏடு கூறினால், குழந்தை திருமணத்துக்கு முன்பே பிறந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. நம் கணக்கில் அது 1742 பிப்ரவரி. திருமணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் இடையே எட்டே மாதம் என்பதும் ஒரு செய்திதான்.

1754 முதல் திருமண ஏட்டில் மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்திட்டார்கள். எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போன்ற ஓர் அடையாளம் இட்டார். ஒரே சாட்சியின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வந்தால் அவரை உறவினராகக் கொள்ள வேண்டாம், அவர் பெரும்பாலும் கோயில் எழுத்தராகவே இருப்பார். 1813 முதல் அச்சிட்ட படிவங்கள் வந்ததால், ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் குடியிருப்பும் தவறாமல் கிடைக்கின்றன.

4. ஏழைகளின் காகிதங்களைத் தவறவிடாதீர்கள்

தொடக்கநிலையினர் பலர் பதிவேட்டோடு நின்றுவிடுகிறார்கள். என் கருத்தில் உண்மையான வரலாறு அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. உழைத்துப் பிழைத்து யாருக்கும் பாரமாகாமல் மறைந்த பண்ணையாளுக்கு ஏட்டில் மூன்று வரிகள்தான் கிடைக்கும். உதவி கேட்டுக் கையேந்தியவருக்கோ பக்கக்கணக்கில் ஆவணம் உண்டு.

1662ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, ஒருவரைத் தாங்க வேண்டிய பொறுப்பு எந்தப் பாரிஷுக்கு என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அதற்காக நீதிபதிகள் முன் சத்தியம் செய்து அவர் கூறியவை எழுதிவைக்கப்பட்டன: எங்கே பிறந்தார், எந்தப் பண்ணையில் யாரிடம் வேலை பார்த்தார், ஆண்டுக் கூலி எவ்வளவு, எந்தக் கோயிலில் மணமுடித்தார், குழந்தைகளுக்கு என்ன வயது என எல்லாம் அதில் இருக்கும். மணமாகாத வேலையாள் ஒருவர் ஓராண்டு முழுவதும் ஒரே பாரிஷில் வேலை செய்தால் அங்கே உதவி கோரும் உரிமை பெறுவார் என்பதால், அதற்குச் சில நாள் குறைவாகவே ஆள் அமர்த்திக்கொண்ட கெட்டிக்காரப் பண்ணைக்காரர்களும் இருந்தார்கள். வெளியேற்ற ஆணைகள், ஏழை வரிக் கணக்குகள், மணமாகாத தாயின் குழந்தைக்குத் தந்தை எழுதிக்கொடுத்த பிணைப்பத்திரங்கள் ஆகியவற்றையும் இதே ஆவணக் கட்டுக்குள் தேடுங்கள்.

5. மனிதரை நிலத்தில் நிறுத்துங்கள்

1836ஆம் ஆண்டுத் தசமபாகச் (விளைச்சலில் தேவாலயத்துக்குரிய பத்தில் ஒரு பங்கு) சட்டத்தை ஒட்டி வரைந்த வரைபடங்களில் ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண் உண்டு. அதனுடன் உள்ள பட்டியலில் உரிமையாளர், அனுபவிப்பவர், வயலின் பெயர், பரப்பு, சாகுபடி ஆகியவை வரிசையாக வரும். 1841 கணக்கெடுப்பை அருகில் வைத்துப் படித்தால், ஒரு குடும்பம் எந்த வீட்டில் குடியிருந்தது என்பதைப் பல ஊர்களில் சுட்டிக்காட்டிவிடலாம்.

இதற்கும் முற்பட்ட வரைபடங்கள் சில ஊர்களுக்குக் கிடைத்திருக்கின்றன. நாட்டிங்காம்ஷயரின் லாக்ஸ்டன் கிராமத்துக்கு 1635இல் மார்க் பியர்ஸ் வரைந்த வரைபடம், வேலியின்றிப் பலர் பகிர்ந்து பயிரிட்ட திறந்த வயல்களில் ஒவ்வொருவருக்கும் உரிய கீற்றுநிலங்களைத் தனித்தனியே காட்டுகிறது. அங்கே அந்த வயல்முறை இன்றும் தொடர்கிறது.

6. காப்பகத்துக்குச் செல்லுங்கள்

மூல ஆவணங்கள் பெரும்பாலும் கவுன்ட்டி (மாவட்டம் போன்ற பிரிவு) ஆவணக் காப்பகத்தில் இருக்கும். இருக்கையையும் ஆவணங்களையும் முன்கூட்டியே பதிவுசெய்துகொள்ளுங்கள். பேனாவுக்கு அனுமதி இல்லாததால் பென்சில் கொண்டுசெல்லுங்கள். எடுக்கும் ஒவ்வொரு குறிப்புடனும் ஆவண எண்ணை எழுதுங்கள். தேடியும் கிடைக்காத ஏட்டையும் ஆண்டையும்கூடக் குறித்துவைத்தால், அடுத்த முறை அதே கட்டை வரவழைத்து நேரத்தை வீணாக்க நேராது.