டெல்லியில் ஒரு நாள்: பழைய சமாதிகளைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

திருக்குறள் எக்ஸ்பிரஸிலோ சம்பர்க் கிராந்தியிலோ வந்து நிஜாமுதீனில் இறங்கி, நேராக கரோல் பாகுக்கு ஓடி, மறுநாளே ஆக்ரா பஸ் பிடிக்கிற சொந்தக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். இறங்கும் ஸ்டேஷனைச் சுற்றியே ஒரு நாள் முழுக்கப் பார்க்கும் அளவுக்குக் கல்லறைகள் இருக்கின்றன. "லீவுக்கு வந்து சமாதியா?" என்று கூட வரும் சித்தி முகம் சுளித்தால், திரும்பியதும் தலைக்குக் குளித்துக்கொள்ளலாம் என்று சொல்லி அழைத்துப் போங்கள்.

முதலில் ஹுமாயூன் சமாதி. டிக்கெட்டை முந்தின இரவே போனில் எடுத்துவிடுங்கள், கவுன்ட்டரைவிடக் கொஞ்சம் மலிவு. வாசலில் சுற்றி வளைக்கும் கைடுகள் என்னைப் பொறுத்தவரை தேவையில்லை. உள்ளே போனதும் எல்லோரும் பெரிய கும்மட்டத்தை நோக்கி நடப்பார்கள். நீங்கள் வலப்பக்கம் திரும்பி, ஷேர் ஷா காலத்துப் பிரபு ஈசா கானின் சமாதிக்குப் போங்கள். எட்டுப் பட்டைக் கட்டடம், 1547இல் கட்டியது, ஹுமாயூன் சமாதியைவிடப் பழையது. அந்த நேரத்தில் அங்கே கூட்டமே இருக்காது.

அப்புறம் பெரிய கட்டடம். இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் குழம்புகிறார்கள். செங்குத்தான படியேறி மூச்சு வாங்க உள்ளே போனால் நட்டநடுவில் வெள்ளைப் பளிங்குக் கல் ஒன்று தனியாக இருக்கும், அதுதான் கல்லறை என்று நினைத்துப் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். அது அடையாளக் கல் மட்டும்தான், உடல் அதற்கு நேர் கீழே, கீழ்த்தளத்தில் இருக்கிறது. டெல்லியிலேயே இன்னொரு பக்கம் இருக்கும் சஃப்தர்ஜங் சமாதியிலும் இதே கதைதான். ஹுமாயூன் சமாதியில் வெளியே மேடையிலும் சுற்றியுள்ள அறைகளிலும் மொகலாயக் குடும்பத்தார் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள், பெரும்பாலான கற்களில் பெயரே இல்லை. குனிந்து கல்லின் மேற்புறத்தைப் பாருங்கள்: பேனாப் பெட்டி மாதிரி நீளமாகப் புடைத்திருந்தால் ஆண், சிலேட்டுப் பலகை மாதிரித் தட்டையாக இருந்தால் பெண். இதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மேடை முழுக்க ஓடி ஓடித் தேடுவார்கள். ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிகோவும் இங்கேதான் புதைக்கப்பட்டார் என்கிறார்கள், எந்தக் கல் என்பதில்தான் இன்னும் சண்டை.

மதுரா ரோட்டைத் தாண்டினால் நிஜாமுதீன் தர்கா. இது ஆட்கள் வந்து கும்பிடும் இடம், தலையை மூட ஒரு துண்டோ துப்பட்டாவோ கையில் இருக்கட்டும். லேஸ் கட்டும் ஷூ வேண்டவே வேண்டாம். சந்துக்குள் நுழைந்ததுமே பூக்கடைக்காரர்கள் "செருப்பை இங்கேயே விடுங்கள்" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். விட்டால் பூத்தட்டு வாங்காமல் நகர முடியாது. தர்கா வாசல் வரை போட்டுக்கொண்டே போகலாம். சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவும் கவிஞர் அமீர் குஸ்ரோவும் ஒரே வருடத்தில், 1325இல், இறந்தவர்கள். குருவைப் பார்க்கும் முன் சீடர் குஸ்ரோவைப் பார்ப்பது வழக்கம். ஷாஜகானின் மகள் ஜஹனாராவின் கல்லறையும் இதே முற்றத்தில்தான், மேலே கூரை இல்லாமல், புல் முளைக்க மண் விட்டு. முடிந்தால் வியாழன் சாயங்காலம் வாருங்கள், கவ்வாலி என்னும் சூஃபிப் பாட்டுக் கச்சேரி இருக்கும்.

நேரம் மிச்சமிருந்தால் லோதி தோட்டம், அங்கேயும் பழைய சமாதிகள்தான், உள்ளே போகக் காசில்லை. கால் வலித்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு அரை நாள் கிடைத்தால் நான் குதுப்மினாருக்குத்தான் அனுப்புவேன், மினாருக்காக இல்லை. 1311இல் மதுரை வரை தன் தளபதி மாலிக் காஃபூரை அனுப்பிய டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் சமாதி அந்த வளாகத்தின் பின்மூலையில் இருக்கிறது. கும்மட்டம் போய்விட்டது, வெறும் கருங்கல் சுவர். பக்கத்திலேயே அவருக்கு முந்தைய சுல்தான் இல்துத்மிஷின் சமாதியில் ஒரு விரற்கடை விடாமல் செதுக்கியிருக்கிறார்கள், இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை: மெட்ரோவில் வருகிறவர்கள் பெயரைப் பார்த்து பிங்க் லைனில் "நிஜாமுதீன்" என்று பெயரில் வரும் நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறார்களாம். அது ரயில்வே ஸ்டேஷனின் சராய் காலே கான் பக்கம், தர்கா அங்கே இல்லை. வயலெட் லைனில் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். இன்னொன்று: அவுலியாவின் கல்லறை இருக்கும் உள்ளறைக்குள் பெண்களை விடுவதில்லை, வெளியே ஜன்னல் சல்லடை வழியாகத்தான் பார்க்க முடியும். சித்தியிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சண்டை வேண்டாம்.