அணில் பக்கத்து நிகழ்ச்சிக்கு விருந்து போகும்போது

கேரள-தமிழக எல்லையில் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழில் கணக்கு நிகழ்ச்சி, மலையாளத்தில் கதை நிகழ்ச்சி என இரண்டு பொம்மை நிகழ்ச்சிகளைக் கேமராவில் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் வரும் அணில் ஒரு நாள் கதைக்குள் நுழைந்தால் பிள்ளைகள் துள்ளுவார்கள். வந்தது "நம்ம அணில்"தான் என்று அவர்கள் நம்பினால் மட்டுமே அந்தத் துள்ளல். அதற்கான வேலை மேடைக்கு வெளியே தொடங்குகிறது.

போகிற இடத்தில் அணிலின் வேலை மாறலாம், குணம் மாறக் கூடாது. 1969-ல் தொடங்கிய அமெரிக்கப் பிள்ளைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சி 'செஸமி ஸ்ட்ரீட்'டில் கெர்மிட் என்ற தவளைப் பொம்மை மழைக்கோட்டும் தொப்பியும் போட்ட செய்தியாளர். 1976-ல் வந்த 'மப்பெட் ஷோ'வில் அதே தவளை நிகழ்ச்சியையே நடத்துகிறவர். இரண்டிலும் சுற்றி நடக்கும் கூத்தைச் சமாளிக்கத் திணறும் அதே ஆள். ஆந்திரத் தோல்பொம்மலாட்டத்திலும் கோமாளிப் பொம்மைகளான பங்காரக்காவும் ஜுட்டுப் போலிகாடும் ராமாயணமோ பாரதமோ எதுவானாலும் வந்து சண்டை போட்டுச் சிரிக்க வைப்பார்கள். ஆகவே ஒரு அட்டையில் மூன்று வரி எழுதுங்கள்: அணிலுக்கு என்ன ஆசை, எதற்குப் பயம், ஆச்சரியப்பட்டால் வாயில் வரும் சொல் என்ன. இரண்டு குழுவும் அந்த அட்டையை வைத்தே வசனம் எழுதட்டும். பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சியில் விருந்தாளிக்கு மூன்று நிமிடம் தாராளம். அதற்கு மேல் போனால் வீட்டுக்காரப் பொம்மைகள் சும்மா நிற்கும்.

அதிகம் சொதப்புவது உயரம். கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டும் பொம்மைக்கு, ஆட்டுகிறவரை மறைக்கும் தட்டியின் மேல் விளிம்புதான் தரை. ஒரு மேடையில் அது 170 செ.மீ., இன்னொன்றில் 150 என்றால் ஆட்டுகிறவர் முழங்காலை மடக்கி நிற்பார். பத்து நிமிடத்தில் கால் தளரும், அணில் மெல்ல மெல்லத் தட்டிக்குள் அமிழும். அளவு நாடாவால் இரண்டு தட்டியையும் முன்கூட்டியே அளந்துவிடுங்கள். உயரமான தட்டிக்குப் பலகை போட்டு நிற்கலாம். தாழ்ந்ததற்குச் சக்கரம் வைத்த முக்காலி. பொம்மையின் கழுத்திலிருந்து 30 செ.மீ. கீழே, கைத்துணியின் பின்பக்கம் சிவப்பு நூலில் ஒரு கோடு தைத்துவிடுங்கள். அந்தக் கோடு தட்டி விளிம்போடு ஒட்டி நின்றால் எந்த மேடையிலும் அணில் ஒரே உயரம்தான்.

அடுத்தது பார்வை. கருவிழிகள் நட்ட நடுவில் இருந்தால் பொம்மை வெறித்துப் பார்க்கும். மூக்குப் பக்கம் 2 மி.மீ. நகர்த்தி ஒட்டினால் எதிரில் இருப்பவரைப் பார்க்கும். விருந்துக்குப் போன இடத்தில் அணில் யாரோடு பேசுகிறதோ அந்தப் பொம்மையின் கண்ணைப் பார்க்கிறதா என்று கேமராத் திரையில் சரிபாருங்கள். கண்ணாடியில் பழகியவருக்குத் திரையில் இடமும் வலமும் குழம்பும். பழகப் பழகச் சரியாகும்.

நிறத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். ஒரு மேடையில் மஞ்சள் பல்பு, இன்னொன்றில் வெள்ளை எல்.இ.டி. என்றால் சாம்பல் அணில் ஒரு நாள் செம்மண் நிறத்தில் தெரியும். அந்தந்த விளக்கிலேயே தாளைக் காட்டிக் கேமராவின் வெள்ளைச் சமநிலையை (வைட் பேலன்ஸ்) அமையுங்கள். பின்னணிப் படத்தைப் பிறகு சேர்ப்பதற்கான பச்சைத் திரைக்கு முன் பச்சைச் சட்டை போட்டு அனுப்பினால் சட்டை காணாமல் போகும், தலை மட்டும் மிதக்கும்.

மொழிதான் நம் எல்லைப் பக்கத்துக்கே உரிய சங்கதி. பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தில் கம்பன் பாட்டு தமிழில், விளக்கத்தில் மலையாளமும் கலந்து வரும். இந்த ஊர்க் காதுக்கு இரண்டு மொழி சேர்ந்து ஒலிப்பது புதிதில்லை. அதனால் அணில் மலையாளம் பேசட்டும், திடுக்கிட்டால் மட்டும் "அய்யய்யோ" என்று தமிழில் கத்தட்டும். குரல் கொடுப்பவர் மாறவே கூடாது. அவருக்கு மலையாளம் தடுமாறினால் வசனத்தைக் குறையுங்கள், குரலை மாற்றாதீர்கள். வாயைத் திறக்கக் கட்டைவிரலைக் கீழே இறக்க வேண்டும். மேல் விரல்களைத் தூக்கினால் பேசும்போதெல்லாம் தலை அண்ணாந்துவிடும். "ஆ" வரும்போது முழுதாய்த் திறக்கட்டும், "ம", "ப" வரும்போது மூடட்டும்.

பொம்மை யாருக்குச் சொந்தம், எத்தனை முறை போய்வரலாம் என்பதை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். 2004-ல் கெர்மிட் டிஸ்னி கைக்குப் போனது, செஸமி பாத்திரங்கள் அந்த நிகழ்ச்சியை எடுக்கும் செஸமி வொர்க்‌ஷாப்பிடம் நின்றன. அதன்பின் 'செஸமி ஸ்ட்ரீட்' என்ற தன் பழைய தெருவுக்குள் தவளை வர இரு வீட்டுச் சம்மதமும் தேவைப்பட்டது.

கொண்டுபோகும்போது அணிலை மடித்துப் பையில் திணிக்காதீர்கள். ஸ்பாஞ்சில் விழுந்த மடிப்பு எளிதில் போகாது. வாய்க்குள் பழைய பனியன் துணியைச் சுருட்டி வைத்து, நிமிர்த்தி, வாளிக்குள் உட்கார வைத்து எடுத்துப் போங்கள்.