காட்டுக்குள் முதல் நடை: பாண்டியிலிருந்து கீழ்ப்புத்துப்பட்டு கோயில் காட்டுக்கு

"பாண்டியில் ஏதுங்க காடு?" காட்டுக்குப் போகலாம் என்றால் பெரும்பாலானவர்கள் கேட்பது இதைத்தான். பீச் தெரியும், ஊசுட்டேரி தெரியும், ஆரோவில்லின் மாத்ரி மந்திர் தெரியும். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால், கீழ்ப்புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றி அசல் காடு ஒன்று இருக்கிறது. பொங்கல் வைக்கவும் மொட்டை அடிக்கவும் வருகிற கூட்டம் அதை ஒட்டித்தான் போய் வருகிறது. காட்டைப் பார்க்கவென்றே வருகிறவர்கள் குறைவு.

இதுவரை காட்டுக்குள் நடந்தே பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். ட்ரெக்கிங் போய்ப் பழகியவர்களுக்கு இது சப்பென்று இருக்கலாம். மொத்தமே ஒரு கிலோமீட்டர்தான் நடக்கப்போகிறோம், அதற்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளப்போகிறோம்.

1. என்ன காடு என்று தெரிந்துகொண்டு போங்கள்

யானை, அருவி, வானத்தைத் தொடும் மரம் எதுவும் இங்கே கிடையாது. ஆந்திராவின் தென்கரையிலிருந்து ராமநாதபுரம் வரை, கடலை ஒட்டிய சமவெளியில் ஒரு காலத்தில் பரவிக் கிடந்த காட்டின் மிச்சம் இது. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். மரங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாடி உயரத்துக்கு மேல் போவதில்லை. வருஷத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அப்புறம் ஆறு மாதம் வறட்சிதான். அப்படியும் இந்த மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நிற்பதில்லை. இலை சின்னது, தடித்தது, மெழுகு பூசியதுபோல் வழவழப்பானது. உள்ளே இருக்கிற ஈரத்தை அவ்வளவு லேசில் வெளியே விடாது. அக்னி நட்சத்திரத்தில் சாலை தகிக்கும்போதும் இந்தக் காடு பச்சையாக நிற்பது அதனால்தான்.

ஊரைச் சுற்றி மற்ற இடங்களில் இந்தக் காடு விறகுக்கும் வயலுக்கும் முந்திரித் தோப்புக்கும் போய்விட்டது. தப்பித்தவை பெரும்பாலும் அய்யனாரும் அம்மனும் குடியிருக்கிற இடங்கள். சாமி மரத்தில் கை வைத்தால் சும்மா விடாது என்ற பயம் செய்த காவலை வேறெதுவும் செய்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

2. மாதமும் நேரமும்

தை, மாசி மிக நல்லது. மழை ஓய்ந்து சேறு காய்ந்திருக்கும், வெயிலும் கடுக்காது. வலசை வந்த பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது. மரங்கள் பூக்கிற பருவம் பார்க்க வேண்டுமென்றால் பங்குனி, சித்திரை. ஆனால் காலை எட்டரைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். ஆடி மாதத்திலும் கோயில் விசேஷ நாள்களிலும் காட்டைப் பார்க்கப் போகாதீர்கள். மைக் செட்டுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு குருவிகூடக் கண்ணில் படாது.

பொழுது விடியும்போது அங்கே இருக்க வேண்டும். ஜனவரியில் ஆறரை மணி வாக்கில் சூரியன் உதிக்கும். ஆறே காலுக்கு இறங்கினால் சரியாக இருக்கும். பாண்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து மரக்காணம் போகிற வண்டியில் ஏறி, காலாப்பட்டு பல்கலைக்கழகம், கணபதிசெட்டிகுளம் தாண்டியதும் கண்டக்டரிடம் "புத்துப்பட்டு கோயில்" என்று சொன்னால் போதும். டூ வீலரில் போகிறவர்கள் விடிவதற்கு முன்னால் அந்தச் சாலையில் மெதுவாகப் போங்கள். சென்னை கார்கள் நூறுக்குக் குறைந்து வருவதே இல்லை.

3. உடுப்பும் பையும்

பழைய முழுக்கைச் சட்டை, பேன்ட், சாக்ஸ், ஷூ. பேன்ட் காலைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் உண்ணியும் நாயுருவி முள்ளும் அதோடு நின்றுவிடும். வெளிர் நிறத் துணியில் உண்ணி ஏறினால் உடனே கண்ணுக்குத் தெரியும். செருப்பு வேண்டவே வேண்டாம். சிற்றீச்சையின் ஓலை நுனி ஊசியாகக் குத்தும். சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள்.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். ஒரு சின்ன நோட்டு, பென்சில். பைனாகுலர் இருந்தால் சரி, இல்லாவிட்டால் அதற்காக வாங்க வேண்டாம். செல்போனில் மெர்லின் செயலியை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், பறவைச் சத்தத்தைக் கேட்டு இன்னது என்று ஓரளவு சொல்லிவிடும். கேரி பேக்கில் எதையும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. கீழ்ப்புத்துப்பட்டு பாண்டிக்குப் பக்கம்தான் என்றாலும், இருப்பது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில்.

4. ஊரிலேயே ஒரு ஒத்திகை

இதைத் தாண்டிப் போனாலும் தப்பில்லை. போவதற்கு முந்தின வாரம் பாண்டி தாவரவியல் பூங்காவில் ஒரு மணி நேரம் சுற்றுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், 1826-இல் தொடங்கியது. நிறைய மரங்களில் பெயர்ப்பலகை இருப்பதால், இலையையும் பட்டையையும் பார்த்து மரத்தை அடையாளம் காணக் கண்ணைப் பழக்கலாம். காட்டில் எந்த மரமும் பெயரை எழுதிக்கொண்டு நிற்காது.

5. உள்ளே நுழையுமுன்

முதலில் கோயிலுக்குப் போங்கள். சாமி கும்பிடுவதும் கும்பிடாததும் உங்கள் விருப்பம். ஆனால் பூசாரியிடமோ கடை போட்டிருக்கும் அம்மாவிடமோ "மரம், பறவை பார்க்க வந்தோம், எந்தப் பக்கம் போகலாம்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது மரியாதை, நமக்கும் பாதுகாப்பு. எந்தத் தடம் எங்கே போகிறது, நேற்று எங்கே பாம்பு கிடந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வேலியோ அறிவிப்புப் பலகையோ இருந்தால் அதோடு திரும்பிவிடுங்கள். மண்குதிரைகள் நேர்த்திக்கடனாக வந்தவை. ஏறி உட்கார்ந்து போட்டோ எடுப்பதெல்லாம் கூடாது.

6. நடக்கும் விதம்

விஷயமே இங்கேதான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பத்து நிமிஷத்தில் தடத்தின் மறுமுனைக்குப் போய்விட்டு, "அவ்வளவுதானா?" என்று திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் என்று தோன்றுவதற்குக் காரணம் வேகம்.

இருபது காலடி நடங்கள். நில்லுங்கள். இரண்டு நிமிஷம் பேசாமல் நில்லுங்கள். மறுபடி இருபது காலடி. நீங்கள் நுழைந்ததும் வாயடைத்துப்போன குருவிகள் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். ஆறேழாகச் சேர்ந்து சருகைப் புரட்டிக்கொண்டு கத்துவது தவிட்டுக்குருவி. அடர்ந்த புதருக்குள்ளிருந்து "ஊப், ஊப்" என்று அடித்தொண்டையில் வருவது செம்போத்து. உச்சிக்கிளையில் ஒரே சீராக "டொக் டொக் டொக்" என்றால் குக்குறுவான். தவிட்டுக்குருவிக் கூட்டம் திடீரென்று ஒரே இடத்தைப் பார்த்துக் கூப்பாடு போட்டால், அங்கே பாம்போ கீரியோ வல்லூறோ இருக்கும். கிட்டே போகாமல் நின்ற இடத்திலிருந்தே பாருங்கள்.

குளிர்காலமாக இருந்து அதிர்ஷ்டமும் இருந்தால் ஆறுமணிக்குருவி. வடக்கே இருந்து ஐப்பசி வாக்கில் வரும். பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலடியில் சிவப்பு. இவ்வளவு நிறத்தை வைத்துக்கொண்டு தரையில் சருகுக்குள் தத்திக்கொண்டிருக்கும், ஆனாலும் கண்ணில் படாது. விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரண்டு ஸ்வரமாக ஒரு விசில் அடிக்கும். அதைக் கேட்டுத்தான் தேட வேண்டும்.

அடுத்து குனிந்து பாருங்கள். மரத்தடியில் மழை படாத காய்ந்த மணலில், புனல் வடிவத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். குழியானை. ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் மணல் சரியும். அது ஏறப் பார்க்கும், அடியிலிருந்து மணலை வாரி அடிக்கும் ஒன்று. இரண்டு மூன்று முறை சறுக்கியதும் கீழே ஒரு ஜோடிக் கொடுக்கு தெரியும், எறும்பு மணலுக்குள் போய்விடும். சில நொடிகளில் குழி பழையபடி அமைதியாகிவிடும். இந்தப் புழு வளர்ந்தால் தும்பி மாதிரி இறக்கை முளைத்துப் பறந்துவிடும். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இங்கேயே அரை மணி நேரம் போய்விடும், போகட்டும்.

மேலே இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பந்துபோல் தொங்கினால் அது முசுறு எறும்புக் கூடு. கிளையை ஆட்டாமல் பாருங்கள். வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இரண்டு இலை விளிம்புகளை இழுத்துப் பிடித்திருக்க, இன்னும் சில, தங்கள் புழுக்களை வாயில் கவ்வி வந்து, அவை விடும் பட்டு நூலால் விளிம்பைத் தைக்கும். கழுத்துக்குள் ஒன்று விழுந்தால் போதும், அன்றைக்கு வேறெதுவும் ஞாபகம் இருக்காது.

7. முதல் நாளுக்கு மூன்று மரம் போதும்

எல்லாவற்றுக்கும் பெயர் தெரிய வேண்டும் என்று ஆரம்பித்தால் ஒன்றும் நிற்காது.

பாலை: கறுத்து, ஆழமாக வெடித்த பட்டை. இலையின் நுனி கூராக இல்லாமல், நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல் உள்வாங்கி இருக்கும். மஞ்சளாகப் பழுக்கும் சின்னப் பழத்துக்குப் பறவைகள் மொய்க்கும்.

காயா: இலை தடித்துக் கரும்பச்சையாக இருக்கும். நடுநரம்பு தெரியும், பக்க நரம்புகளைத் தேட வேண்டும். பூக்கிற காலத்தில் கிளையை ஒட்டியே நீலக் கொத்துகள். சங்கப் பாடல் காலத்திலிருந்து திருமாலின் நிறத்துக்குச் சொல்லி வருகிற காயாம்பூ இதுதான்.

வீரை: அடிமரம் உருண்டையாக இல்லாமல் பள்ளமும் மேடுமாகத் திருகி நிற்கும். வயதான மரத்தைக் கையால் தடவிப் பாருங்கள்.

இவற்றின் மேல் மணிக்கட்டுக் கனத்தில் கட்டைக்கொடிகள் ஏறிப் பின்னிக் கிடக்கும். ஊஞ்சல் ஆடத் தோன்றும். ஆடாதீர்கள்.

8. கை வைக்கக் கூடாதவை

எட்டி மரத்தின் பழம் ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக, பார்த்தாலே பறிக்கச் சொல்லும். கொட்டையில் ஸ்ட்ரிக்னின் என்ற கடும் விஷம் இருக்கிறது. குன்றிமணியைப் பிள்ளைகள் பொறுக்கினால் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மென்றுவிட்டால் ஆபத்து. பூனைக்காலிக் காயின் சுணையும் காஞ்சொறிச் செடியும் பட்டால் அரிப்பு தாங்காது. தேய்க்காமல், சுணையை முதலில் டேப் ஒட்டி எடுத்துவிட்டுக் கழுவுங்கள்.

பாம்பு: பெரும்பாலும் நாம் பார்ப்பதற்குள் அது போய்விடும். கால் வைக்கிற இடத்தைப் பார்த்து வையுங்கள், பொந்துக்குள் கை விடாதீர்கள், சருகுக் குவியலில் உட்காராதீர்கள். அப்படியும் கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வாட்ச், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கி வந்து, 108-க்கு அடியுங்கள். கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது. பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டிய அவசியமில்லை. நம் ஊரில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத்தான்.

9. வீட்டுக்கு வந்ததும்

துணியை நேராக சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டுக் குளியுங்கள். அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக மேலே இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதோ தீக்குச்சியால் சுடுவதோ வேண்டாம்.

அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் காட்டுக்குள் போய் வந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வருகிற ஸ்க்ரப் டைஃபஸ் இந்தப் பக்கத்தில் மழைக்கும் குளிருக்கும் சாதாரணமாக வருவதுதான். கடித்த இடத்தில் பலருக்கு வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கும். உடுப்புக்கு உள்ளே மறைவாக இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே சரியாகிவிடும்.

10. அடுத்து எங்கே?

கடலூர்க்காரர்களுக்குத் திருமாணிக்குழி, குழந்தைகுப்பம் பக்கம் இதே வகைக் காடு துண்டு துண்டாக இருக்கிறது. அங்கேயும் ஊராரைக் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். பிச்சாவரத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது படகில் பார்க்கிற சதுப்புநிலக் காடு, அதற்குத் தயாராகும் விதமே வேறு.

வளர்த்த காடு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆரோவில். 1968-இல் ஊர் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு மழை அறுத்துப் போட்ட பள்ளங்களோடு மொட்டையாகக் கிடந்தது. முதலில் மண்கரை போட்டு மழைத் தண்ணீரை நிறுத்தினார்கள், அப்புறம்தான் மரம். பார்வையாளர் மையத்திலிருந்து மாத்ரி மந்திர் பார்க்குமிடத்துக்குப் போகும் நடைபாதையில் வண்டி பிடிக்காமல் நடந்து போங்கள். பாலையும் காயாவும் அங்கேயும் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். மற்றக் காட்டுப் பகுதிகளில் ஆள்கள் குடியிருக்கிறார்கள், அதனால் எது திறந்திருக்கிறது என்று மையத்தில் கேட்டுவிட்டு அப்புறம் கிளம்புங்கள்.