கோல்டு கார்டை வைத்துக்கொள்வதா, வேறு விமானத்துக்கு மாறுவதா?

என்னைவிட வயதில் சிறிய இன்ஜினியர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இயந்திரத்தைப் பற்றி இல்லை. "அக்கா, என்கிட்ட கோல்டு இருக்கு. ஆனா இன்னொரு ஏர்லைன்ல டிக்கெட் கம்மி, நேரடி விமானமும் இருக்கு. மாறிடலாமா?" இதுதான். கோல்டு என்றால், அடிக்கடி பறப்பவருக்கு விமான நிறுவனம் தரும் சலுகை அட்டைகளில் ஒரு படி. ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் இதற்குப் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். ஆனால் ஒரு தாளும் அரை மணி நேரமும் இருந்தால் விடை உங்கள் கையிலேயே இருக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், என் கணக்கில் என் தொழிலின் சாயல் இருக்கும். நான் அச்சு இயந்திரங்களுக்கான சர்வீஸ் இன்ஜினியர். எங்கேயாவது ஓர் அச்சகத்தில் இயந்திரம் நின்றுபோனால் மறுநாள் அங்கே இருக்க வேண்டும். டார்க் ரென்ச், சென்சார்கள், சில சமயம் ஒரு சர்வோ மோட்டார் என்று என் கருவிப்பெட்டி என்னோடு வரும். அதனால் விமான நிலையத்தின் சொகுசுக் காத்திருப்பு அறையான லவுஞ்சில் என்ன பரிமாறுகிறார்கள் என்பதில் எனக்கு அக்கறை குறைவு. எத்தனை கிலோ விடுவார்கள் என்பதில் அதிகம்.

பறந்ததை விடுங்கள், பறக்கப் போவதை எழுதுங்கள்

ஸ்டேட்டஸ், அதாவது அந்தக் கார்டு காட்டும் தகுதி, ஏற்கெனவே கொடுத்த பணத்துக்குக் கிடைத்த கூலி. "இத்தனை வருஷம் இதிலேயே பறந்தாச்சே" என்ற நினைப்பு கணக்குக்குள் வரவே கூடாது. நிறுவனமும் அப்படி நினைப்பதில்லை. புது ஆண்டு பிறந்ததும் உங்கள் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

தாளில் அடுத்த பன்னிரண்டு மாதப் பயணங்களை எழுதுங்கள். தேதி தெரியாவிட்டால் பரவாயில்லை, ஊர் தெரியும். எனக்கு எந்த ஆலையோடு பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறது என்று தெரியும், அதுவே போதுமானதாக இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரே ஒரு கேள்வி: கையில் எந்தக் கார்டும் இல்லாவிட்டால் எந்த விமானத்தில் போவேன்? பெரும்பாலான வரிகளில் இப்போதைய நிறுவனத்தின் பெயரே வந்தால் வேலை முடிந்தது, அங்கேயே இருங்கள். உங்கள் விமான நிலையத்தை ஒரே நிறுவனம் பிடித்து வைத்திருந்தால் அப்படித்தான் வரும். பாதிக்கு மேல் வேறு பெயர் வந்தால் மேலே படியுங்கள்.

நேரடி விமானத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். கார்டுக்காக இன்னோர் ஊரில் இறங்கி ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். லவுஞ்சில் மூன்று மணி நேரம் சுகமாக உட்கார்ந்திருப்பதைவிட அந்த மூன்று மணி நேரமே இல்லாமல் இருப்பது மேல். பெட்டி மாற்று விமானத்தைத் தவறவிடும் வாய்ப்பும் போய்விடும்.

சலுகைக்கு விலை போடுங்கள்

விலை என்றால் நிறுவனம் தன் விளம்பரத்தில் போடும் விலை இல்லை. கார்டு இல்லாவிட்டால் அதை நீங்கள் உங்கள் கைக்காசில் வாங்கியிருப்பீர்களா? வாங்கியிருந்தால் என்ன விலைக்கு? அதுதான் மதிப்பு. வாங்கியிருக்கவே மாட்டீர்கள் என்றால் பூஜ்யம்.

வழக்கமான டிக்கெட் ஒன்றின் விலையை 100 என்று வையுங்கள். என் கணக்கில் கருவிப்பெட்டிக்கான கூடுதல் பேக்கேஜ் கட்டணம் 12. பல விமான நிறுவனங்களின் கூட்டணியான ஸ்டார் அலையன்ஸின் கோல்டு இருந்தால் எடைக் கணக்குள்ள பயணத்தில் பொதுவாக 20 கிலோ அதிகம், எண்ணிக்கைக் கணக்குள்ள பயணத்தில் ஒரு பெட்டி அதிகம். கால் நீட்ட இடமுள்ள இருக்கை 3. லவுஞ்ச் 2, ஏனென்றால் நான் அங்கே தேடுவது மின்இணைப்பும் ஒரு மேசையும்தான். முன்னுரிமை போர்டிங் 0. எல்லாரும் ஒரே விமானத்தில்தான் கிளம்புகிறோம்.

போட்டி நிறுவனத்தின் டிக்கெட் 90 என்றால், பெட்டியோடு போகும் பயணத்தில் கார்டு எனக்கு 17 மிச்சப்படுத்துகிறது, இருப்பதே லாபம். பெட்டி இல்லாமல் பயிற்சி வகுப்புக்கோ கூட்டத்துக்கோ போகும்போது 5தான் மிச்சம், மாறுவதே லாபம். ஒரே ஆளுக்கு இரண்டு விடை. விசுவாசத்தை முழுசாக வைக்க வேண்டும் அல்லது முழுசாக எடுக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

அப்கிரேடுக்கும், அதாவது உயர் வகுப்பு இருக்கைக்குச் சும்மா மாற்றித் தருவதற்கும், நான் 0தான் போடுவேன், இதில் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஒரு காலத்தில் முன்வரிசை இருக்கைகளில் பெரும்பகுதி வாடிக்கையாளர்களுக்குச் சும்மா போனது. இப்போது அதைக் காசுக்கு விற்கிறார்கள். அமெரிக்காவின் டெல்டா நிறுவனத்தில் முதல் வகுப்பு இருக்கைகளில் ஏறக்குறைய முக்கால்வாசி பணம் கொடுத்தே வாங்கப்படுவதாக அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. மிச்சமுள்ள சில இருக்கைகளுக்கு உங்களைவிடப் பெரிய கார்டு வைத்திருப்பவர்கள் முன்னால் நிற்கிறார்கள். கிடைத்தால் சந்தோஷம், கணக்கில் எழுதாதீர்கள்.

விலை போட முடியாத சலுகை ஒன்று உண்டு. விமானம் ரத்தாகும் நேரம். ஒரு இரவு கடைசி விமானம் ரத்தாகி, கவுன்ட்டர் முன்னால் வரிசை வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. கார்டுக்காரர்களுக்கான எண்ணில் அழைத்தேன். வரிசை நகர்வதற்குள் காலை விமானத்தில் இடம் உறுதியாகிவிட்டது. மறுநாள் அச்சகம் ஓடியது. காத்திருப்புப் பட்டியலில் முன்னுரிமை என்பது கார்டு வாங்கும்போது கண்ணில் படாத வரி. எனக்கு அதுதான் கார்டின் உயிர். ஆனால் இதையும் மிகைப்படுத்த வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி பொருந்தும் பயணங்களில் மாற்று விமானமும், தகுதியுள்ள சூழலில் 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடும் எல்லாப் பயணிகளுக்கும் உரிமை. கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

அடுத்த வருடம் கார்டு மிஞ்சுமா?

இங்கேதான் பழைய ஆட்கள் தடுமாறுகிறார்கள். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஆட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது கணக்கு எளிது: எவ்வளவு தூரம் பறந்தீர்களோ அவ்வளவு மைல். இன்று பல திட்டங்கள் தூரத்தைப் பார்ப்பதில்லை, பில்லைப் பார்க்கின்றன. டெல்டாவில் 2024 முதல் செலவுக் கணக்கு மட்டும்தான்; கோல்டுக்கு 10,000, அதற்கும் மேல்படியான டைமண்டுக்கு 28,000 தகுதி டாலர், அதாவது தகுதிக் கணக்கில் சேரும் செலவு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரலில் அதே பாதைக்கு வந்து, சில்வருக்கு 7,500, கோல்டுக்கு 20,000 புள்ளி என்று வைத்தது. பவுண்டுக்கு ஒரு புள்ளி. அமெரிக்கனில் 2022 முதல் அந்த நிறுவனத்தின் பெயரிலுள்ள கிரெடிட் கார்டு செலவும் சேர்ந்து லாயல்டி பாயின்ட் என்ற தகுதிப் புள்ளி ஆகிறது, கோல்டுக்கு 40,000.

தூரத்துக்கு மதிப்புத் தரும் திட்டங்களும் இருக்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் எலைட் கோல்டு 12 மாதத்தில் 50,000 எலைட் மைல் (தகுதிக்காக எண்ணப்படும் மைல்) கேட்கிறது. ஏர் பிரான்ஸ், கேஎல்எம் நிறுவனங்களின் ஃபிளையிங் புளூ திட்டம் தூரத்தையும் வகுப்பையும் பார்த்து எக்ஸ்பி என்ற தகுதிப் புள்ளி தருகிறது. சில்வருக்கு 100, கோல்டுக்கு 180, பிளாட்டினத்துக்கு 300.

ஆக, மலிவான டிக்கெட்டில் நெடுந்தூரம் பறப்பவர் தூரக் கணக்குத் திட்டத்திலும், கடைசி நேரத்தில் விலையுயர்ந்த டிக்கெட்டில் குறுந்தூரம் பறப்பவர் செலவுக் கணக்குத் திட்டத்திலும் இருக்க வேண்டும். நான் இரண்டாவது ரகம். இயந்திரம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு நிற்பதில்லையே. உங்கள் தாளில் உள்ள பயணங்களை அந்தந்தத் திட்டத்தின் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். டிக்கெட்டின் புக்கிங் கிளாஸ் எழுத்தையும், அதாவது கட்டண வகையைக் காட்டும் ஒற்றை எழுத்தையும், கவனியுங்கள். கூட்டாளி நிறுவனங்களில் மிக மலிவான சில எழுத்துகளுக்குத் தூரத்தில் கால் பங்குதான் வரும், சிலவற்றுக்கு ஒன்றுமே வராது.

தகுதிக்குக் கொஞ்சம் குறைகிறது என்று ஆண்டுக் கடைசியில் வெறுமனே பறந்துவிட்டு வருவது ஒரு காலத்தில் நல்ல உத்தி. செலவுக் கணக்கில் அது பெரும்பாலும் கார்டைக் காசு கொடுத்து வாங்குவதுதான். வாங்குவது தவறில்லை, சலுகைக்கு நீங்கள் போட்ட விலையைவிட அது குறைவாக இருந்தால்.

நிறுவனம் டிக்கெட் எடுத்துத் தருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செலவு முதலாளியுடையது, சலுகை உங்களுடையது. கார்டுக்காக விலை கூடிய டிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தால் கணக்குப் பிரிவில் யாராவது ஒருநாள் கேட்பார்கள். "பேக்கேஜ் கட்டணத்தையும் சேர்த்தால் இதுதான் மலிவு" என்று காட்ட மேலே போட்ட கணக்கு அப்போதும் உதவும்.

விமானத்தை மாற்றாமல் திட்டத்தை மட்டும் மாற்றலாம்

பலர் யோசிக்காத வழி இது. எந்த விமானத்தில் பறக்கிறோம் என்பதும், மைல்களை எந்தத் திட்டத்தில் சேர்க்கிறோம் என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். ஒரே கூட்டணிக்குள் எந்த நிறுவனத்தின் திட்டத்திலும் பெரும்பாலான பறப்புகளைச் சேர்க்கலாம். உங்கள் நிறுவனம் கோல்டுக்கான வரம்பை ஏற்றிவிட்டால், அதே கூட்டணியில் வரம்பு குறைவான இன்னொரு திட்டத்தின் எண்ணை டிக்கெட்டில் போட்டுவிட்டு அதே விமானத்திலேயே பறக்கலாம்.

சில இடங்களில் வெளியாளுக்கே கூடுதல் மரியாதை. அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் ஸ்டார் அலையன்ஸில் உள்ள யுனைடெட் ஏர்லைன்ஸின் சொந்த கோல்டு உறுப்பினருக்கு அந்தக் கார்டைக் காட்டி யுனைடெட் கிளப் லவுஞ்சுக்குள் போக முடியாது. வேறொரு ஸ்டார் அலையன்ஸ் நிறுவனத்தின் கோல்டு கார்டு வைத்திருப்பவர் போகலாம். இழப்பும் உண்டு. அப்கிரேடு வரிசையில் சொந்த உறுப்பினர்களுக்குப் பின்னால்தான் நிற்பீர்கள். நான்தான் அதற்கு 0 போட்டுவிட்டேனே.

கூட்டணியும் நிரந்தரம் இல்லை. 1997இல் ஸ்டார் அலையன்ஸைத் தொடங்கிய ஐந்து நிறுவனங்களில் ஒன்றான ஸ்காண்டிநேவியாவின் எஸ்ஏஎஸ், 2024 செப்டம்பர் 1 அன்று போட்டிக் கூட்டணியான ஸ்கைடீமுக்குப் போய்விட்டது. எஸ்ஏஎஸ் கோல்டு கார்டை வைத்துக்கொண்டு ஸ்டார் அலையன்ஸின் லுஃப்தான்சாவில் பறந்துகொண்டிருந்தவர்களின் சலுகை ஒரே இரவில் வேறு விமானங்களுக்கு இடம் மாறியது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதையே நிறுத்தியபோது அதன் பிளாட்டினம் கார்டுக்கும் சும்மா இருக்கும் பிளாஸ்டிக்குக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது.

கிளம்புவதென்றால் எப்போது?

தகுதி கிடைத்த கையோடு. பலரும் செய்வது இதற்கு நேர்மாறு. கார்டு காலாவதியாகும்வரை இருந்துவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள். டெல்டா, யுனைடெட் போன்ற நாள்காட்டி ஆண்டுத் திட்டங்களில் ஒரு வருடத்தின் பிப்ரவரியில் எட்டிய ஸ்டேட்டஸ், அந்த வருடம் முழுக்கவும் அடுத்த வருடம் முழுக்கவும் ஓடி, அதற்கடுத்த ஜனவரி 31 வரை நிற்கும். வருடத் தொடக்கத்திலேயே எட்டிவிட்டால், பழைய கார்டின் சலுகையை அனுபவித்துக்கொண்டே எல்லாப் பயணங்களையும் புதிய இடத்தில் சேர்க்க உங்களுக்கு நீண்ட காலம் கிடைக்கிறது.

அந்த உயிருள்ள கார்டுதான் ஸ்டேட்டஸ் மேட்ச், அதாவது இன்னொரு நிறுவனத்திடம் அதற்கு ஈடான தகுதி, கேட்பதற்கும் மூலதனம். புதிய நிறுவனத்துக்குக் கார்டின் படத்தையும் சமீபத்திய பறப்புக் கணக்கையும் அனுப்பினால், பல இடங்களில் சுமார் மூன்று மாதத்துக்குத் தற்காலிக ஸ்டேட்டஸ் தருவார்கள். அதற்குள் அவர்கள் சொல்லும் அளவு பறந்தால் அது நீடிக்கும். ஒருமுறை வாங்கினால் மறுபடி கேட்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆகவே அவசரப்பட்டு விண்ணப்பித்து வீணாக்காதீர்கள். டிக்கெட்டுகள் நெருக்கமாக இருக்கும் மூன்று மாதத்துக்கு முன்பாகக் கேளுங்கள். ஒரே கூட்டணிக்குள் மேட்ச் தருவது அரிது. சில நிறுவனங்கள் கட்டணமும் கேட்கின்றன.

போட்டியாளர் தடுமாறும் நேரம் இன்னும் நல்லது. 2023 செப்டம்பரில் டெல்டா புதிய விதிகளை அறிவித்து வாடிக்கையாளர்களின் கோபத்தை வாங்கிக்கட்டிக்கொண்டபோது, ஜெட்புளூவும் அலாஸ்கா ஏர்லைன்ஸும் டெல்டா கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கதவைத் திறந்தன. அடுத்த மாதமே டெல்டா சில வரம்புகளைக் குறைத்தது. உங்கள் நிறுவனம் விதியை மாற்றினால் புலம்புவதற்கு முன் மற்றவர்களின் அறிவிப்புகளைப் பாருங்கள்.

இத்தனையையும் மீறி நான் "இரு" என்று சொல்வது ஒரு சூழலில்தான்: ஆயுள்கால ஸ்டேட்டஸுக்குப் பக்கத்தில் இருந்தால். யுனைடெட்டில் அவர்களுடைய விமானங்களிலேயே பத்து லட்சம் மைல் பறந்தவருக்கு வாழ்நாள் கோல்டு, அதோடு ஸ்டார் அலையன்ஸ் கோல்டும் உண்டு. ஒன்பது லட்சத்தைத் தாண்டியவர் விலை வித்தியாசத்தைப் பார்த்து விலகுவது எனக்குப் புரியாது. மூன்று லட்சத்தில் இருப்பவர் அதைக் காரணம் காட்டி ஒட்டிக்கொண்டிருப்பதும் புரியாது.

கடைசியாக, இலவச டிக்கெட்டுக்கு மாற்றிக்கொள்ள நீங்கள் சேர்த்து மிச்சமுள்ள மைல்கள். ஸ்டேட்டஸ் போனாலும் அவை உங்கள் கணக்கிலேயே இருக்கும், ஆனால் காலாவதி விதி இடத்துக்கு இடம் வேறு. டெல்டா, யுனைடெட் மைல்களுக்குக் காலாவதி கிடையாது. அமெரிக்கனில் 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் போய்விடும். கிரிஸ்ஃபிளையர் மைல் மூன்று ஆண்டில் காலாவதியாகும். மாறுகிற அன்றே அந்தத் தேதியைப் போனில் நினைவூட்டலாகப் போட்டுவையுங்கள், மூன்று மாதம் முன்னதாக.