கோதுமை இல்லாத ராகி பிரெட்: ஏழாவது தடவை உருப்பட்ட கதை

என் பெண்ணுக்கு சீலியாக், அதாவது கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத நோய், என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே மைதா, கோதுமை, ரவை, சேமியா எல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்பின. சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. தர்மபுரிக்காரங்களுக்கு ராகி என்ன புதுசா? களி, இட்லி, சோறு என்று ஓடியது. பக்கத்து பெஞ்சுப் பிள்ளை ஜாம் பிரெட் கொண்டுவரும் நாளில்தான் பஞ்சாயத்து. அப்படி ஆரம்பித்ததுதான் இது. முதல் ஆறு பிரெட்டும் எதிர்வீட்டு மாட்டுத் தொட்டிக்குப் போயின.

வேண்டியவை: ராகி மாவு 150 கிராம், பச்சரிசி மாவு 100, ஜவ்வரிசியை மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலித்த மாவு 100, இசப்கோல் உமி 20, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7, சர்க்கரை 15, உப்பு 6, எண்ணெய் 20, வினிகர் ஒரு டீஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் 380 மில்லி. கப் கணக்கு கேட்காதீர்கள். ராகி மாவை அமுக்கி எடுத்தால் ஒரு எடை, அள்ளிப் போட்டால் ஒரு எடை. டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள், ஓவனைவிட அதுதான் முக்கியம்.

மாவு அரைக்கும் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். மில்லில் உங்களுக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவு கொஞ்சம் உங்கள் பையிலும் வந்துவிடும். சும்மா ருசிக்காகச் செய்கிறவர்களுக்கு இது பொருட்டில்லை. சீலியாக் உள்ள பிள்ளைக்கு அதுவே போதும், வயிற்றைக் கெடுத்துவிடும். நான் ராகியைக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியிலேயே அரைக்கிறேன்.

இனி இசப்கோல். ஆறு தடவையில் நாலு தடவை என்னைக் கவிழ்த்தது இதுதான். கோதுமை மாவைப் பிசையும்போது இழுவை வருமே, அது குளூட்டன். ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைப்பதும் அதுதான். ராகியில் அது கிடையாது, அதனால் காற்றெல்லாம் வெளியே போய் செங்கல்தான் மிஞ்சும். அந்த வேலையை இசப்கோல் ஊறி வரும் கொழகொழப்பு பார்த்துக்கொள்கிறது. மெடிக்கல் ஷாப்பில் மலச்சிக்கலுக்குக் கொடுப்பார்களே, அதேதான். முதல் தடவை அவசரத்தில் ஆரஞ்சு ஃப்ளேவர் போட்டதை வாங்கிவந்து, வீடே இருமல் மருந்து மாதிரி மணத்தது. எதுவும் சேர்க்காத வெள்ளை உமியாகப் பார்த்து வாங்குங்கள். அடுத்த தப்பு, உமியை நேராக மாவில் கலந்து தண்ணீர் ஊற்றியது. மேலே கட்டி கட்டியாக, உள்ளே மாவு காய்ந்தபடி. சரியான வழி இது: பாத்திரத்தில் முதலில் தண்ணீர். உமியை ஒரு கையால் தூவிக்கொண்டே இன்னொரு கையால் விஸ்க் வைத்து அடியுங்கள். பத்து நிமிடம் விட்டால் நுங்கு மாதிரி ஆகிவிடும். கரண்டியைத் தூக்கினால் மொத்தமாகத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். வரவில்லையென்றால் இன்னும் ஐந்து நிமிடம்.

மற்ற மாவு, ஈஸ்ட், சர்க்கரை, உப்பு எல்லாவற்றையும் கலந்து, இந்த நுங்கையும் எண்ணெய், வினிகரையும் சேர்த்துக் கையால் ஐந்து நிமிடம் பிசையுங்கள். சப்பாத்தி மாவுப் பதம் வராது. ஒட்டும். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, களியக் கிண்டி டப்பாவுல அமுக்குற மாதிரி இருக்குதே” என்றார். அதுதான் பதம். காய்ந்த மாவைத் தூவிக் கெட்டியாக்கிவிடாதீர்கள்.

எட்டுக்கு நாலு இஞ்ச் அலுமினிய டின்னில் எண்ணெய் தடவி நிரப்பி, ஈரக் கையால் மேலே வழித்துவிடுங்கள். சிலிகான் டின் எனக்குப் பிடிக்காது, பக்கம் சிவக்கவே சிவக்காது. ஒரே ஒரு தடவைதான் உப்பவிட வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு 40 நிமிடம் சரியாக இருக்கும். இரண்டு மடங்கு ஆகட்டும் என்று காத்திருந்தால் ஓவனில் நடுவில் குழி விழும். ஒன்றரை மடங்கு வந்ததும் உள்ளே தள்ளுங்கள்.

முன்பே சூடேற்றிய ஓடிஜி ஓவனில், 200 டிகிரி, கீழ்த் தட்டு, 50 முதல் 55 நிமிடம். கடைசிப் பத்து நிமிடம் டின்னிலிருந்து எடுத்து நேராகக் கம்பித் தட்டில் வையுங்கள். குச்சி குத்திப் பார்ப்பதை நம்பாதீர்கள். குத்தும் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 97 டிகிரி காட்டவேண்டும்.

அப்புறம் இரண்டு மணி நேரம் தொடவே கூடாது. சூட்டோடு அறுத்தால் கத்தியில் பிசின் மாதிரி அப்பும், வேகவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். ஐந்தாவது பிரெட் அப்படித்தான் மாட்டுக்குப் போனது. இப்போது நினைத்தால் அது நன்றாகவே வெந்திருந்தது.

பின்சேர்க்கை: ஓசூர் பக்கம் குளிர் ஊரான தளியிலிருந்து ஒருவர், 40 நிமிடத்தில் உப்பவே இல்லை என்று எழுதியிருந்தார். அந்தக் குளிருக்கு ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகும். அணைத்த ஓவனுக்குள் ஒரு சொம்பு வெந்நீரோடு டின்னை வைத்து மூடிவிடுங்கள், சரியாகிவிடும். ஓட்ஸ் மாவு சேர்க்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். சாதாரண ஓட்ஸில் கோதுமை கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சீலியாக் வீட்டில் வேண்டாம். அதற்குப் பதில் சாமை மாவு போடுங்கள், நான் 50 கிராம் ராகியைக் குறைத்துச் சாமை போட்டேன், நிறம்கூடக் கொஞ்சம் வெளுத்தது.

மறுநாளே இது வறண்டுவிடும். அறுத்து ஃப்ரீசரில் போட்டுவிட்டு, காலையில் தோசைக்கல்லில் நெய் தடவி இரண்டு பக்கமும் சுட்டால் டிபன் பாக்ஸுக்குத் தயார்.