டைனோவில் இன்ஜின் பவரை அளப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

டைனமோமீட்டர், சுருக்கமாக டைனோ, இன்ஜினின் பவரைக் கண்டறியும் கருவி. ஆனால் அது பவரை நேரடியாக அளப்பதில்லை. பிரேக் வைத்த டைனோவில் நாம் அளப்பது டார்க்கையும் (முறுக்கு விசை) ஆர்பிஎம்மையும்தான் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), பவர் கணக்குப் போட்டு வருவது. அதனால் டார்க் அளவு தப்பினால் எல்லாமே தப்பு.

அதனால்தான் இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே காலிபரேஷனை, அதாவது தெரிந்த எடையை வைத்து ரீடிங்கைச் சரிபார்ப்பதைச் சொல்கிறேன், இதில் அவசரப்படாதீர்கள். முதலில் வெறுமனே இருக்கும்போது ரீடிங்கைப் பூஜ்யமாக்குங்கள். டைனோவின் பிரேக்கில் பொருத்திய ஆர்ம் 0.5 மீட்டர் நீளம் என்றால், அதன் நுனியில் 20 கிலோ எடைக்கல்லைத் தொங்கவிடுங்கள். 98.1 நியூட்டன் மீட்டர் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் லோடு செல்லின் (விசையை அளக்கும் சென்சார்) அளவைத் திருத்துங்கள். எடையை எடுத்ததும் மறுபடி பூஜ்யத்துக்கு வருகிறதா? வராமல் 1, 2 என்று நின்றால் எங்கோ உரசுகிறது, அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, கூலன்ட் மட்டுமல்ல, ஆயிலும் சூடாகும்வரை காத்திருங்கள். சுழலும் ஷாஃப்டுக்கு நேராகப் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது.

இப்போது த்ராட்டிலை முழுதாகத் திறந்துகொண்டே பிரேக்கின் லோடை ஏற்றி 2000 ஆர்பிஎம்மில் நிறுத்துங்கள். ரீடிங் அசையாமல் நின்றதும் குறித்துக்கொண்டு, லோடைக் கொஞ்சம் தளர்த்தி 2500, 3000 என்று போகலாம். முடிக்கும்போது முதலில் த்ராட்டிலை மூடுங்கள், பிறகுதான் லோடை எடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பிடிமானம் இல்லாமல் இன்ஜின் ஒரு நொடியில் ரெட்லைனை (இன்ஜினுக்கு அனுமதித்த உச்ச ஆர்பிஎம்) தாண்டிவிடும்.

கணக்கு சுலபம். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549 ஆல் வகுத்தால் கிலோவாட். 3000 ஆர்பிஎம்மில் 98.1 என்றால் 30.8 கிலோவாட், அதாவது சுமார் 42 மெட்ரிக் குதிரைத்திறன்.

வண்டியோடு ரோலரில் ஏற்றிச் சோதிப்பது வேறு வகை. பிரேக் இல்லாத ரோலர் என்றால், கனமான டிரம் எவ்வளவு வேகமாக முடுக்கம் பெறுகிறது என்பதிலிருந்து பவர் கணக்காகிறது. கியர் விகிதம் 1:1க்கு நெருக்கமான கியரில் ஓட்டுங்கள். டயர் காற்றழுத்தமும், வண்டியைக் கட்டிவைக்கும் பெல்ட்டின் இறுக்கமும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கட்டும். இங்கே கிடைப்பது சக்கரத்துக்கு வந்து சேரும் பவர், கியர்பாக்ஸிலும் டயரிலும் போனது போக மீதி. அதைக் கம்பெனி சொல்லும் கிராங்க் பவரோடு (இன்ஜினிலேயே அளந்தது) ஒப்பிடாதீர்கள்.

காற்றின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் தாளில் எழுதி வையுங்கள். காற்று மாறினால் பவரும் மாறும், அதனால் ரீடிங்கை ஒரு பொது நிலைக்கு மாற்றத் திருத்தம் போடுவார்கள். எஸ்ஏஇ ஜே1349 என்ற தரநிலையின் திருத்தம் 25 டிகிரி செல்சியஸ், 99 கிலோபாஸ்கல் உலர் காற்றை அடிப்படையாக வைக்கிறது. எந்தத் திருத்தம் போட்டீர்கள் என்பதையும் கிராஃபிலேயே குறித்துவிடுங்கள். மூன்று தடவையாவது ஓட்டுங்கள், கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியாவிட்டால் மறுபடி எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.