ரிம்ஃபயர் தோட்டாக்களைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்து குண்டுகளும் ஒரே ஓட்டையில் விழுந்த அட்டையைப் பார்த்ததும் "இந்த லாட்தான்" என்று பெட்டி பெட்டியாக வாங்கிவிடுவதுதான் .22 எல்ஆர் (விளிம்பில் அடித்தால் வெடிக்கும் ரிம்ஃபயர் தோட்டா) சோதனையில் பெரிய தவறு. லாட் என்பது ஆலையில் ஒரே தொகுதியாகத் தயாரான தோட்டாக்கள். ஐந்து குண்டு க்ரூப் (ஒரே குறியில் தொடர்ந்து சுட்ட ஓட்டைகளின் கூட்டம்) தற்செயலாகவே சின்னதாக அமைந்துவிடும். துப்பாக்கியும் லாட்டும் மாறாமலே 50 மீட்டரில் ஐந்து க்ரூப் சுட்டால், ஒன்று 9 மி.மீ., இன்னொன்று 17 மி.மீ. என்று வருவது சாதாரணம். இரண்டில் எதைப் பார்த்தாலும் லாட்டின் தரம் தெரியாது.

ஒரு லாட்டுக்குக் குறைந்தது பத்துக் குண்டு க்ரூப்கள் நான்கு வேண்டும். 50 தோட்டாப் பெட்டியில் முதல் பத்தைக் குழல் பழகச் சுட்டுவிட்டு, மீதி 40-ஐக் கணக்கில் எடுக்கலாம். பத்துக் குண்டு க்ரூப், ஐந்து குண்டு க்ரூப்பைவிடச் சராசரியாகக் கால் பங்கு பெரிதாக இருக்கும். இரண்டையும் ஒப்பிடக் கூடாது. அட்டையில் மிகத் தள்ளியிருக்கும் இரண்டு ஓட்டைகளின் இடைவெளியை மட்டும் அளந்தால், மற்ற எட்டும் வீண். எல்லாக் குண்டுகளின் நடுமையத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்று சராசரி எடுங்கள். அந்த எண்ணை நம்பலாம்.

விலகிய குண்டை "என் கைத்தவறு" என்று கழித்துவிடுவதும் அதே வகைப் பிழை. ட்ரிகரில் தவறியது உண்மையானால், ஓட்டையைப் பார்க்கும் முன்பே குறித்து வையுங்கள். பார்த்த பிறகு வரும் சாக்குக்கு மதிப்பில்லை. போட்டியில் புள்ளியைக் கெடுப்பது அந்த ஒற்றைக் குண்டுதானே.

பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்; பெட்டியில் அச்சிட்ட லாட் எண்ணைப் பாருங்கள். ஒரே பெயரில் வரும் இரண்டு லாட்கள் ஒரே குழலில் வெவ்வேறாக நடந்துகொள்ளும். ஒரே லாட் இரண்டு குழல்களில் வேறு வேறு முடிவு தரும். அடுத்தவர் துப்பாக்கியில் அருமையாகச் சுட்ட லாட் உங்களுக்கு ஒத்துவரும் என்று நினைத்துப் பணம் போடாதீர்கள். ஈலி, லப்புவா நிறுவனங்கள் வாடிக்கையாளரின் துப்பாக்கியைக் கவ்வியில் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்க்கும் கூடங்களை நடத்துவது இதனால்தான்.

குண்டின் மேல் பூசிய மெழுகு குழலுக்குள் படியும். பிராண்டுக்கு பிராண்டு மெழுகு வேறு. மாற்றிய உடனே க்ரூப் சுட்டால், பழைய மெழுகின் மேல் புதிய குண்டு ஓடும். சிதறலுக்குத் தோட்டாவைக் குறை சொல்வோம். பிராண்டு மாறும்போது 15 முதல் 20 தோட்டா வரை கணக்கில் சேர்க்காமல் சுடுங்கள். அதற்கு இரண்டாவது பெட்டி தேவைப்படும். குழலைத் துடைத்த பிறகும் இப்படியே. சூடான சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் அறை) தோட்டாவை வெகுநேரம் விட்டுவைத்தால் மெழுகு இளகும், வெடிமருந்தும் சூடேறும், குண்டு அட்டையில் வேறு இடத்தில் போய் விழும். ஏற்றிய பின் தயங்காமல், ஒரே சீரான இடைவெளியில் சுடுங்கள்.

முதல் லாட்டை முழுக்க முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போனால், இடையில் மாறிய காற்றும் வெளிச்சமும் களைப்பும் இரண்டாவதன் தலையில் விழும். ஒரே பிராண்டின் லாட்கள் என்றால் அ, ஆ, இ, மறுபடி அ, ஆ, இ என்று சுற்றிச் சுற்றி ஒவ்வொரு க்ரூப்பாகச் சுடுங்கள். காற்றுக்கொடி கட்டாமல் வெட்டவெளியில் சோதிப்பது வீண்வேலை. ஸ்டாக் திருகுகளின் இறுக்கம், மணல் பையில் துப்பாக்கி உட்காரும் இடம், ஸ்கோப்பின் பேரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறி நகர்வதுபோல் தெரிவதைச் சரிசெய்யும் அமைப்பு) எதுவும் நடுவில் மாறக் கூடாது. குறிவைக்கும் புள்ளியைக் குண்டு கிழிக்காதபடி ஸ்கோப்பைச் சில கிளிக் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். லாட்டுக்கு லாட் க்ரூப் மேலே கீழே நகர்ந்தாலும் ஸ்கோப்பைத் தொட வேண்டாம்; சிதறலை மட்டும் பாருங்கள்.

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் உதவும், ஆனால் தீர்ப்பு சொல்லாது. சுமார் 325 மீ./நொடி வேகத்தில் போகும் குண்டு 10 மீ./நொடி குறைந்தால், 50 மீட்டரில் ஏறத்தாழ 7 முதல் 8 மி.மீ. கீழே விழும். 50 மீட்டர் ரைஃபிள் அட்டையில் பத்து வளையமே 10.4 மி.மீ. விட்டம்தான். ஆக, வேகச் சீர்மை முக்கியம். ஆனால் பக்கவாட்டுச் சிதறலைப் பற்றி அந்தக் கருவி எதுவும் சொல்லாது. குழலில் மாட்டும் வகைக் கருவி குழலின் அதிர்வையே மாற்றிவிடும். வேகத்தைத் தனியாக அளந்து, கழற்றிவிட்டு க்ரூப் சுடுங்கள்.

தோட்டாக் கூட்டின் விளிம்புத் தடிமனை அளந்து பிரிப்பது, தராசில் நிறுத்துப் பிரிப்பது இரண்டும் மேட்ச் தரத் தோட்டாவில் உழைப்புக்கேற்ற பலன் தருவதில்லை. எடை வித்தியாசம் கூட்டிலா, ஈயத்திலா, மருந்திலா என்று தராசு சொல்லாது.

வெடிக்காத தோட்டா வந்தால் குழல் முனையை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருந்து, பிறகு போல்ட்டைத் திறங்கள். அதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

முதல் இரண்டு இடம் பிடித்த லாட்களை வேறொரு நாளில், தலா 40 தோட்டா வைத்து மறுபடி சுடுங்கள். வரிசை புரண்டால் இரண்டுக்கும் இடையே உங்கள் குழல் உணரும் வித்தியாசம் இல்லை; எது அதிகம் கையிருப்பில் இருக்கிறதோ அதை வாங்குங்கள்.